ஊளையிட்ட காற்றும் ஓய்ந்த கயிறும்

கருங்குன்றூர் அரசன் மானவேலனுக்கு வியர்த்தால் அரண்மனையில் யாருக்காவது வினை வந்து சேரும். அந்தச் சித்திரை மாதம் அது நக்கனைத் தேடி வந்தது. நக்கன் வாய்க்கொழுப்பாலேயே சபையில் இடம் பிடித்தவன்.

சபை மண்டபத்தில் பெரிய தொங்கு விசிறி ஒன்று உண்டு. அதன் கயிற்றை இழுத்து இழுத்து ஆட்கள் சோர்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். அமைச்சர் வில்லவராயருக்கு நக்கனைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து எழுந்தார்.

"அரசே, நக்கன் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே! ஆள் தொடாமல், மாடு இழுக்காமல், தண்ணீர் தள்ளாமல் இந்த விசிறியை ஆட்டிக் காட்டட்டும். அடுப்புக்கு வரும் எரிகாற்றில் ஒரு பொட்டும் குறையக் கூடாது."

அரசனுக்கு ஆசை வந்துவிட்டது. "செய், நக்கா. பௌர்ணமிக்குள் ஆடாவிட்டால், ஆயுசு முழுக்க அந்தக் கயிற்றை இழுக்கப்போவது நீதான்."

நக்கன் கயிற்றைப் பார்த்தான், தன் குச்சிக் கைகளைப் பார்த்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அமைச்சரே, நீங்கள் வேண்டாமென்று எறிவதையாவது எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக! குப்பைமேடு முழுவதும் உனக்கே!" என்று சிரித்தார் வில்லவராயர்.

எரிகாற்று என்பது குன்றின் வெடிப்பிலிருந்து செப்புக் குழாய் வழியே வந்து அரண்மனை அடுப்பில் எரிவது. வருகிற வேகத்தில் விட்டால் பானையோடு சமையல்காரரையும் கூரைக்கு அனுப்பிவிடும். அதனால் வழியில் ஒரு கற்கூடம் கட்டி, சுவர் சுவராக முட்டவிட்டு, அதன் கோபத்தை அடக்கிய பிறகே உள்ளே விடுவார் அமைச்சர். முட்டுகிற காற்று ஓயாமல் ஊளையிடும். ஊருக்கு அது பழகிப்போய்விட்டது.

நக்கன் தன் கஷ்டத்தைச் சொல்லி அழ அந்தக் கூடத்துக் காவலர்களிடம் போனான். காதில் பஞ்சு அடைத்திருந்த அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டபோதுதான், அங்கே வீணாகக் கத்துவது தான் மட்டுமில்லை என்று அவனுக்கு உறைத்தது. நேரே கொல்லன் பட்டறைக்கு ஓடினான்.

பௌர்ணமியன்று விசிறி தானாக ஆடியது. அரசனின் மேலாடை படபடத்தது.

வில்லவராயர் கற்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். ஊளை அடங்கியிருந்தது. மூடிய பெட்டிக்குள் காற்று ஒரு தகட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாதுவாக அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தின் அச்சிலிருந்து ஒரு கயிறு விசிறிக்குப் போயிற்று.

"திருட்டு! அடுப்புக் காற்றைத் திருடிவிட்டான்!" என்று அலறிக்கொண்டு திரும்பினார்.

அரசன் சமையல்காரரை அழைத்தான். "அடுப்பில் ஏதாவது குறையா?"

"இல்லீங்க மகாராஜா. எப்பவும்போலத்தான் எரியுது. பாயசமே இறக்கியாச்சு."

"பிறகு நீ எதைத்தான் எடுத்தாய், நக்கா?"

"காற்றை விட்டுவிட்டேன், அரசே. அதன் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அமைச்சர் சுவரில் மோதவிட்டு எறிந்துகொண்டிருந்தது அதைத்தானே? எறிவதை எடுத்துக்கொள் என்று அவர்தான் சொன்னார்."

வில்லவராயர் முகம் சிவக்க, மீசை துடிக்க, தூண்கள் அதிரக் கத்தத் தொடங்கினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

நக்கன் அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவர் வாய்க்கு முன்னால் ஒரு சின்னச் சக்கரம் வைக்க அனுமதி கொடுங்கள், அரசே. அரண்மனை மாவு அத்தனையையும் அரைத்துக் கொடுத்துவிடுகிறேன்."

அரசன் சிரித்த சிரிப்பில், ஆடுகிற விசிறிக்கு அடியிலேயே அவனுக்கு மறுபடியும் வியர்த்துவிட்டது.