தாழம்பூ மணத்த வளை

ஆற்றங்கரையில் ஒரு மருத மரம். அதன் வேருக்கடியில் ஒரு வளை. அந்த வளையில் மருதி என்ற நீர்நாய் தனியாகக் குடியிருந்தாள்.

தனியாக என்றால் ஒரேயடியாகத் தனி என்றும் சொல்லிவிட முடியாது. வளையின் சுவரில் ஒரு பொந்து. அதற்குள் கொடுக்கன் என்ற நண்டு இருந்தான். அவனைப் பிடித்துத் தின்ன மருதி எத்தனையோ தடவை கையை விட்டுப் பார்த்துவிட்டாள். எட்டவில்லை. எட்டவில்லை என்று ஆன பிறகு என்ன செய்வது? அக்கம்பக்கத்தாராகிவிட்டார்கள். பேசிப் பழகிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தால் மருதிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசல் பாறையில் ஏறி உட்காருவாள். ஆறு போகிற திசையைப் பார்த்து நீளமாக ஒரு சீழ்க்கை அடிப்பாள். அப்புறம் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருப்பாள். பதில் வராது. தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் வரும். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்கிறீர்களா? தங்கச்சி நொச்சியைத்தான்.

இரண்டு பேரும் கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஆற்றில் பெருவெள்ளம் வந்துவிட்டது. அம்மாவுக்கு இருப்பது ஒரு வாய். மருதியைக் கவ்விக்கொண்டு போய் மேட்டில் விட்டுவிட்டு நொச்சிக்காகத் திரும்பி ஓடினாள். அந்தக் குட்டியோ அம்மாவைத் தேடி வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்திருந்தது. வந்த குட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே படுக்கைவரை தண்ணீர் ஏறவே இல்லை. இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் தப்பியிருக்கும். இதை நினைத்து நினைத்தே அம்மா உருகிப்போனாள்.

அதற்கப்புறம் அம்மா ஒரு விசித்திரமான பழக்கம் வைத்திருந்தாள். படுக்கைப் புல்லை மாற்றவே மாட்டாள். புதுப் புல் வந்தால் பழையதன் மேலே போடுவாள். அடியில் இருப்பதைத் தொடவிட மாட்டாள். "ஏம்மா, மக்கிப்போச்சே" என்று மருதி கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும்டி" என்பாள். அதோடு சரி. அம்மா போன பிறகும் அந்தப் புல் அப்படியேதான் கிடந்தது.

ஒருநாள் காலையில் நீலமேகம் வந்து கிளையில் உட்கார்ந்தான். நீலமேகம் ஒரு மீன்கொத்தி. ஆற்றின் மேலும் கீழும் பறந்து ஊர்க்கதை எல்லாம் சேர்த்துக்கொண்டு வருவதுதான் அவன் பிழைப்பு. மீன் பிடிப்பது இரண்டாம் பட்சம்.

"மருதி, உட்கார்ந்துக்கோ. உன் தங்கச்சியைப் பார்த்தேன்."

மருதியின் வாயில் இருந்த மீன் நழுவி ஆற்றில் விழுந்தது.

"விளையாடாதீங்க அண்ணே."

"இதுல என்ன விளையாட்டு? கோயில் படித்துறைக்குக் கீழே ஒரு நீர்நாய் இருக்கா. குட்டியா இருக்கும்போது வெள்ளத்துல வந்து அங்கே ஒதுங்கினவளாம். பொழுது சாஞ்சா மேலாற்றைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறா. யாரைக் கூப்பிடுறேன்னு கேட்டேன். அம்மாவையும் அக்காவையும்னு சொன்னா. உன் பேரைச் சொன்னேன், அழுதுட்டா."

மருதி ஆற்றைப் பார்த்தாள். தான் கீழே பார்த்துக் கூப்பிட்ட அதே நேரத்தில் அவள் மேலே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் இந்த ஆறு இரண்டு குரலையும் விழுங்கியிருக்கிறது.

"பௌர்ணமி அன்னிக்கு வர்றாளாம்" என்றான் நீலமேகம். "கரை நெடுக மருத மரமா நிக்குதே, எந்த மரம்னு அடையாளம் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், நானே கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்லிட்டா."

சேதி சொன்னவன் அதோடு பறந்து போயிருக்கலாம். போனானா? தலையைச் சாய்த்து வளைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, அவளை இதுக்குள்ளேயா கூட்டிக்கிட்டு வரப்போறே?"

"ஏன் அண்ணே?"

"மீன் முள்ளும் மக்கின புல்லுமா கிடக்கு. அவ இருக்கிற இடம் எப்படி தெரியுமா? சாமிக்குப் போட்ட மாலையெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்குது. மல்லிகையும் சம்பங்கியுமா மிதக்குது. பூவுக்குள்ளே வாழ்றவ இங்கே வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? நான் சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உன் இஷ்டம்."

அவன் போய்விட்டான். சொன்ன சொல் போகவில்லை. மருதியின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. அம்மா முதலில் தூக்கியது என்னைத்தானே, அந்தக் கோபம் நொச்சிக்கு இருக்காதா? இத்தனை காலம் கழித்து வருகிறவளுக்கு, 'இந்த நாற்றத்தில் வாழத்தான் இவளைக் காப்பாற்றினார்களா' என்று தோன்றிவிட்டால்? ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? மருதியால் அதைத் தாங்க முடியாது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். மீன் முள், நத்தை ஓடு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கீழ் வளைவில் நாணல் ஓரமாகக் கொட்டினாள். சுவரை ஆற்று மணல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் கொடுக்கனின் பொந்து வாசலும் சேர்ந்து உதிர்ந்தது.

"அம்மா தாயே, வீட்டை இடிக்கிறியா, கூட்டுறியா?"

"விருந்தாளி வர்றாங்கப்பா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"யாரு, அந்த நீலமேகம் சொன்னானா? அவன் பொந்துல போய்ப் பாரு, மீன் முள்ளு வாசல்ல வழியுது. அவன் உனக்குப் பாடம் எடுக்கிறானா?"

மருதி காதில் வாங்கவில்லை. கடைசியாகப் படுக்கைக்கு வந்தாள். அடிப் புல்லைக் கவ்வி இழுத்தாள். அம்மாவின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. ஈர ரோமமும் பாலும் பழைய மீனும் கலந்த வாசனை. மருதி அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். இது மட்டும் இருக்கட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. நொச்சி மூக்கைச் சுளிப்பாளே என்று இன்னொரு மனம் சொன்னது. இன்னொரு மனம்தான் ஜெயித்தது. அந்தப் புல்லும் நாணல் ஓரக் குப்பைக்குப் போய்ச் சேர்ந்தது.

பௌர்ணமியும் வந்தது. மருதி தாழம்பூ மடலாகப் பறித்து வந்து வளை முழுக்கப் பரப்பினாள். வளையே கமகமவென்று மணத்தது. கொடுக்கனுக்குத் தலையை வலித்தது.

"இனி மீன்தான் பாக்கி" என்றாள் மருதி. "விரால் பிடிச்சுக்கிட்டு வந்துடுறேன்."

விரால் அவ்வளவு சுலபத்தில் அகப்படுமா? சேற்றுக்குள் புகுந்து அலைக்கழித்துவிட்டது. பிடித்துக்கொண்டு வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடம்பில் சேற்று வாடை அடிக்கிறதே என்று தாழம்பூ மடல்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் புரண்டாள்.

"புரண்டது போதும், எழுந்திரு" என்றான் கொடுக்கன். அவன் குரல் வழக்கம்போல் இல்லை. "உன் தங்கச்சி வந்துட்டுப் போயிட்டா."

மருதி மடலை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வாசல்ல நின்னா. மூக்கை நீட்டினா. தும்மினா. மறுபடியும் மோந்து பார்த்தா. சீழ்க்கை அடிச்சுப் பார்த்தா. நீதான் சேத்துக்குள்ளே இருந்தியே."

"நீ சொல்லக்கூடாதாடா?"

"சொல்லாம இருப்பேனா? உன் தங்கச்சி கை எவ்வளவு நீளமோன்னு பயந்துக்கிட்டேதான் சொன்னேன். 'இதுதாம்மா உங்க அக்கா வீடு, இருங்க'ன்னு கத்தினேன். அவ நம்பலை. 'எங்க வீட்டு வாசனை எனக்குத் தெரியும், இது வேற யாரோட வீடோ'ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டா. அழுதுக்கிட்டே போனா மருதி."

நானே கண்டுபிடிச்சிடுவேன் என்று நொச்சி சொல்லி அனுப்பியது இப்போதுதான் மருதிக்கு விளங்கியது. அம்மா புல்லை மாற்றாததும் இப்போதுதான் விளங்கியது. என்றைக்காவது அந்தக் குட்டி மோப்பம் பிடித்து வந்துவிடும் என்றுதான் அம்மா அதைக் காத்து வைத்திருந்தாள். அதை என் வாயாலேயே கவ்விக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேனே என்று மருதிக்கு நெஞ்சு வெடித்தது.

விராலை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். கரையில் ஈர மணலில் காலடி தெரிந்தது. வாசல்வரை வந்த காலடி, தயங்கி நின்ற காலடி, திரும்பிய காலடி. அதைப் பிடித்துக்கொண்டே கரையோடு ஓடினாள். காலடி கீழ் வளைவுக்குப் போனது. நாணலுக்குள் நுழைந்தது.

அங்கே, மருதி கொட்டிய குப்பையின் நடுவில், அந்தப் பழைய புல்லுக்குள் ஒரு நீர்நாய் சுருண்டு படுத்திருந்தாள். முகத்தை அடிப் புல்லுக்குள் புதைத்திருந்தாள். அம்மாவிடம் பால் குடிக்கிற குட்டி அப்படித்தான் படுத்திருக்கும்.

"நொச்சி..."

அவள் துள்ளி எழுந்து பல்லைக் காட்டிச் சீறினாள். "யாரு நீ? கிட்ட வராதே. இது எங்க அம்மா புல்லு."

மருதிக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பெல்லாம் தாழம்பூ மணக்கிறது. தங்கச்சிக்கு எப்படி அடையாளம் தெரியும்? குப்பையில் விழுந்தாள். மீன் முள்ளிலும் மக்கின புல்லிலும் புரண்டாள். மேலெல்லாம் அழுக்காகும்வரை புரண்டுவிட்டு அசையாமல் படுத்தாள்.

நொச்சி மெல்ல வந்து மூக்கை நீட்டினாள். கழுத்தில் மோந்தாள். காதுக்குப் பின்னால் மோந்தாள்.

"அக்கா" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அங்கே கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நல்லா இருக்கணும்னுதான்டி எல்லாத்தையும் மாத்தினேன்" என்று மருதி தேம்பினாள். "நீ பூவுக்குள்ளே வாழ்றவன்னு நீலமேகம் சொன்னான்."

"பூவா? அழுகின பூ, அக்கா! அந்த நாத்தம் தாங்காமதான் நான் பொழுது சாஞ்சா மேலே பார்த்து உட்கார்ந்திருப்பேன். காத்துல எங்கேயாவது நம்ம வீட்டு மீன் வாசனை வராதான்னு."

மருதி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா என்னைத்தான் முதல்ல தூக்கினாங்க. உனக்குக் கோபம் இல்லையா?"

"உன்னைத் தூக்கினதாலதானே எனக்கு ஒரு அக்கா இருக்கா" என்றாள் நொச்சி.

இரண்டு பேரும் புல்லை வாய் வாயாகக் கவ்விக்கொண்டு வீடு சேர்த்தார்கள். தாழம்பூவை ஆற்றில் விட்டார்கள். விராலைத் தின்றுவிட்டு முள்ளைப் பழையபடி வளைக்குள்ளேயே போட்டார்கள். "அப்பாடா, இப்பதான் மூச்சு விட முடியுது" என்று பொந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, கை விட்டுப் பார்க்காதீங்க, எட்டாது."

அடுத்த நாள் பொழுது சாய்ந்தது. வாசல் பாறையில் யாரும் வந்து உட்காரவில்லை. சீழ்க்கை அடிக்க வேண்டிய வேலை இனி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

விருந்தாளி மெச்ச வேண்டும் என்று வீட்டை வேறு வீடாக்கிவிட்டால், நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு நம் வாசலே அந்நியமாகிவிடும்.