உளுவையின் வாலும் இறாலின் மீசையும்

மீன்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பவளப் பாறைக்குக் கீழே மணல் தரையில் ஓர் இறால் வளை தோண்டி வாழ்ந்தது. அதற்குக் கண் சரியாகத் தெரியாது. கடலடி மணலோ சரிந்துகொண்டே இருக்கும். அள்ளி அள்ளி வெளியே கொட்டாவிட்டால் வீடு தூர்ந்துபோகும்.

பக்கத்தில் ஓர் உளுவை மீன் திரிந்தது. விரல் நீளம்தான் இருக்கும். கண் நல்ல கண், ஒண்டத்தான் இடமில்லை.

"அக்கா, உங்க வளையில எனக்கும் ஒரு மூலை குடுங்க. வாசல்ல காவல் இருக்கேன். கலவா மீன் வந்தா சத்தம் போடுறேன்" என்றது உளுவை. இறாலைக் கண்டால் விடாத பெரிய மீன் அந்தக் கலவா. இறால் உடனே சம்மதித்தது.

உளுவைக்குப் பயம் அதிகம், வாய் அதைவிட அதிகம். நண்டு நடந்தாலும் கத்தியது, பாசி அசைந்தாலும் கத்தியது. ஒவ்வொரு முறையும் இறால் மணலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது. வளை பாதி தூர்ந்துவிட்டது.

"இனி சும்மா சும்மா கத்துனியோ, உனக்கு இங்க இடமில்லை, பாத்துக்க" என்றது இறால்.

மறுநாள் காலை பாறை ஓரத்தில் கலவா தெரிந்தது. கத்தினால் வீடு போய்விடுமே என்று உளுவை யோசித்தது. அது தன்பாட்டுக்குப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டது. கலவா போகவில்லை. மணலோடு வெளியே வந்த இறாலின் மீசை ஒன்று அதன் வாயோடு போனது. இறால் உயிரோடு உள்ளே விழுந்ததே பெரிது.

"நீங்கதானே அக்கா கத்தாதேன்னீங்க?"

"சும்மா கத்தாதேன்னேன். போயிடு. என் மூஞ்சியிலயே முழிக்காதே."

உளுவை போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், போக்கிடம் இல்லாதது இன்னொரு பக்கம். வாலை வளைக்குள் விட்டபடி வாசலிலேயே கிடந்தது.

சாயங்காலம் கலவா திரும்பி வந்தது. உளுவை மட்டும் பாறை இடுக்கில் ஓடி ஒளிந்துவிடலாம். ஆனால் இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் பின்னால் கேட்டது. கத்தப் பார்த்தது, பயத்தில் சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது. நகராமல் கிடந்தது.

இறாலுக்கு மிஞ்சியிருந்த மீசையில் அந்த வால் பட்டது. வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இறாலுக்குப் புரிந்துவிட்டது.

"உள்ளே வாடா!"

இரண்டும் உள்ளே பாய்ந்தன. கலவாவுக்கு ஒரு வாய் மணல்தான் கிடைத்தது.

வெகுநேரம் கழித்து இறால் சொன்னது: "உன் வாயை இனி நம்ப மாட்டேன். வாலை நம்புறேன். இருந்துக்க."

அன்றோடு உளுவை வாசலில் பேசுவதை விட்டது. ஆபத்தென்றால் வாலை மட்டும் ஆட்டும். இறாலும் அந்த வாலின் மேல் மீசையை வைக்காமல் இன்றுவரை வெளியே வருவதில்லை.