அப்பளம் நொறுங்காமல் ஒரு குண்டு

ரைஃபிள் கிளப் தலைவர் தணிகாசலம் சுட்ட ஐந்து குண்டும் குறி அட்டையின் கறுப்பு வட்டத்தைத் தாண்டி வலப்பக்கமே போய் விழுந்தன. மனுஷன் தன் தப்பை ஒத்துக்கொள்வாரா? துப்பாக்கி துடைக்கும் செண்பகவல்லி மேல் பாய்ந்தார்.

“நீ கீழே போட்டுக் கோணலாக்கிட்டே! இது நேரா சுடும்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது. ஆனா துப்பாக்கியை நீ தொடவும் கூடாது!”

செண்பகவல்லி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பொரித்த அப்பளத்தில் ஒரு துண்டை ஒடித்து நீட்டினாள்.

“ஐயா, துப்பாக்கியோட மரப்பிடிக்கும் உங்க கட்டைவிரலுக்கும் நடுவுல இதை வைங்க. நொறுங்காம ஒரு குண்டு சுடுங்க. அதுவும் தள்ளிப் போனா நானே போயிடறேன். ஆனா, எல்லாராலயும் இது முடியாதுங்க.”

அந்தக் கடைசிப் பேச்சு அவருக்குச் சுருக்கென்றது. அதுவரை உடும்புப்பிடியாய் இறுக்கிய கட்டைவிரலை, அப்பளத்துக்குப் பயந்து பூப்போல வைத்தார். விசையை இழுத்தார்.

குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. அப்பளத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

செண்பகவல்லி டப்பாவை மூடினாள்.

“துப்பாக்கி நேராத்தான் சுடுதுங்க. இப்போ வேலையை விட்டுப் போக வேண்டியது நானா, உங்க கட்டைவிரலா?”