குட்வில் எட்டு லட்சம்

தக்கலையில் ஒரு பேக்கரியை விலைக்கு வாங்கிய சந்திரபோஸ், முதல் நாளே பேலன்ஸ் ஷீட்டை விரித்தார். "அடுப்பு சொத்து. மாவு பிசையுற மிஷின் சொத்து. உன் சம்பளம் வெறும் செலவு. நீயும் சொத்துதான்னு இதுல காட்டு, இல்லன்னா நாளைக்கு வராதே."

இருபது வருஷமாகக் கவுண்டரில் நிற்கும் ஜெசிந்தா, அவர் மேஜையில் குனிந்து விரலை ஓட்டினாள். "இந்த குட்வில் எட்டு லட்சம் எதுக்கு முதலாளி?"

"இந்தக் கடையைத் தேடி ஆளுங்க திரும்பத் திரும்ப வராங்கல்ல, அதுக்குத் தனியாக் குடுத்த விலை."

வாசலில் ஒரு பெரியவர் காலியான கவுண்டரைப் பார்த்தார். "ஜெசிந்தா இல்லியா? அப்போ பொறவு வாறேன்."

"இருக்கேன் பெரியப்பா! சீனி போடாத ரஸ்க்தானே? பெரியம்மைக்குக் காய்ச்சல் விட்டுதா?"

ரஸ்க்கை வாங்கிக்கொண்டு அவர் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "உங்க எட்டு லட்சத்துல கொஞ்சம், அந்தா நடந்து போவுது முதலாளி."

சந்திரபோஸ் தாளை மடித்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க அக்கா?"