சடையாண்டியின் பச்சைமர வீடு

யானைமுதுகு மலையில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தான். மேலெல்லாம் சடை, வாயெல்லாம் பெருமை. குடியிருந்ததோ ஒரு பாறை இடுக்கில். உள்ளே போனால் தலை இடிக்கும். வெளியே வந்தால் முதுகு உரசும்.

பங்குனி மாதம் அவன் பக்கத்து மலைக்கு இலுப்பைப்பூ தின்னப் போனான். அங்கே பெரியகருப்பன் என்ற வயதான கரடியும் அவர் மகள் தேனம்மையும் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தேனம்மையைப் பார்த்ததும் சடையாண்டியின் வாயிலிருந்த பூ கீழே விழுந்தது.

"தம்பிக்கு எந்த மலை? வீடு வாசல் உண்டா?" என்று கேட்டார் பெரியகருப்பன்.

இலுப்பைப்பூக் கிறக்கம் சும்மா இருக்குமா? "யானைமுதுகு மலைங்க! உச்சியிலே உருட்டு மரத்தாலே கட்டின வீடு. மாடி உண்டு, பால்கனி உண்டு. படுத்தபடியே அருவியைப் பார்க்கலாம்!" என்று அளந்துவிட்டான்.

"அப்படியா மாப்பிள்ளை!" என்றார் பெரியகருப்பன். இல்லாத வீட்டைச் சொன்னதும் தம்பி மாப்பிள்ளை ஆகிவிட்டான். "ஆடி கழியட்டும். ஆவணி பிறந்ததும் வீடு பார்க்க வர்றோம்."

திரும்பும் வழியில் கிறக்கம் தெளிந்தது. வீடு இல்லையென்றால் தேனம்மை இல்லை! நேரே மரங்கொத்தி ஆசாரியிடம் ஓடினான்.

மரங்கொத்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும், மரத்தின் வயசையும் அதில் குடியிருக்கும் புழுவின் பெயரையும் சொல்லிவிடுவார்.

"ஆசாரியாரே! ஆவணிக்குள்ளே எனக்கு ஒரு சொகுசு வீடு வேணும்!"

"கட்டிடலாம். போன வருஷக் காத்துலே சாய்ஞ்ச தேக்கு பள்ளத்திலே கிடக்கு. நல்லாக் காய்ஞ்ச மரம். யானைகளை விட்டு இழுத்துட்டு வரச் சொல்லு."

"அந்தக் கறுத்துப்போன கட்டையா? பொண்ணு வீட்டார் சிரிப்பாங்க! அதோ, உச்சி ஓரத்திலே ஒதிய மரங்கள் நிக்குதே, வழவழன்னு, நேர் நேரா. அதை வெட்டுங்க. அருவியை மறைக்கிறதும் அதுதான். வீட்டுக்கு மரமும் ஆச்சு, பார்க்க அருவியும் ஆச்சு!"

மரங்கொத்தி கொண்டையைச் சிலுப்பினார். "ஒதியம் தூணுக்கு ஆகாதுப்பா. அதுவும் பச்சை மரம். எந்த மரமானாலும் வெட்டி ஒரு வருஷம் காயப்போடணும்."

"ஒரு வருஷமா? அதுக்குள்ளே தேனம்மைக்கு வேற எவனோடாவது கல்யாணமே ஆயிடும்!"

"பட்டையையாவது உரிச்சுடலாமா?"

"உரிச்சா அழகு போயிடும்! பச்சையாவே நடுங்க!"

"நீ சொல்றே, நான் நடறேன்" என்றார் மரங்கொத்தி. "பின்னாடி என் பேரை இழுக்காதே."

அந்த ஒதிய மரங்களில் நடு மரத்தில் செவத்தாயி என்ற மலை அணில் இரண்டு குட்டிகளோடு இருந்தாள். விஷயம் தெரிந்ததும் இறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணே, குட்டிகளுக்கு இன்னும் கண்ணே திறக்கலை! எங்கே தூக்கிட்டுப் போவேன்?"

"மலையிலே மரத்துக்கா பஞ்சம்? நகரு, நகரு!"

செவத்தாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது குட்டியைக் கவ்வுவதற்கு முன், "அருவியைப் பார்க்க என் வீட்டைப் பிடுங்கிட்டே. பாரு சாமி, கண்ணு குளிரப் பாரு!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முள்ளம்பன்றிகள் மரங்களைக் கடித்துச் சாய்த்தன. காட்டுப்பன்றிகள் குழி பறித்தன. யானைகள் தூண்களைத் தூக்கி நிறுத்தின. குரங்குகள் கொடிகளால் இறுக்கிக் கட்டின. வைகாசி முடிவதற்குள் மாடியும் பால்கனியுமாக வீடு நின்றது. சடையாண்டி பால்கனியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அருவியைப் பார்த்தான். அருவியே தன்னைப் பார்க்கத்தான் விழுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஆனி மழை வந்தது.

ஒருநாள் காலையில் தூணில் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. கிள்ளிப் போட்டான். மறுநாள் அதே இடத்தில் இரண்டு. சுவரில் ஐந்து. படுக்கையறையில் பதினெட்டு! சடையாண்டி அலறிக்கொண்டு மரங்கொத்தியிடம் ஓடினான்.

"ஆசாரியாரே! என் வீடு முளைக்குது!"

"முளைக்காம என்ன செய்யும்? நீ பச்சையா நட்டது தூண் இல்லையே, போத்து! வேலியோரம் ஒதியங்கிளையை ஊனினா, மழை கண்டதும் வேர்விடும். உன் வீடும் வேர்விட்டிருக்கு."

"நிறுத்துங்க அதை!"

"வளர்ற மரத்தை நிறுத்துற வித்தை எனக்குத் தெரியாதுப்பா."

வீடு இலைவிட்டதோடு நிற்கவில்லை, உயரவும் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து வாசற்படி சடையாண்டியின் முழங்காலுக்கு வந்தது. அடியில் ஒரு கட்டையைப் போட்டு ஏறினான். அடுத்த வாரம் இன்னொரு கட்டை. ஆடி முடியும்போது ஏழு படி! நம்பாதவர்கள் ஒதியங்கிளையை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றிப் பாருங்கள். அதன்மேல் வீட்டைக் கட்டிவிட்டு என்னிடம் சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

சடையாண்டிக்குத் தூக்கம் போயிற்று. விடிந்தால் இலை பறிப்பான், பொழுது சாய்ந்தால் இலை பறிப்பான். தேன் தின்பதைக்கூட மறந்தான். பெண் வீட்டார் வர இரண்டே நாள் இருந்தபோது வீட்டை மொட்டையடித்துவிட்டான். வாசலுக்கு மேலே ஒரே ஒரு கொத்து மட்டும் பாக்கி. அன்று மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்தக் கடைசிக் கொத்தைப் பறிக்கக் கையை நீட்டினான்.

கொத்துக்குள் செவத்தாயி! சொட்டச் சொட்ட நனைந்து, குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன பொந்திலே தண்ணி ஏறிடுச்சு. என்ன, விரட்டப்போறியா? விரட்டு. எங்களுக்குப் பழக்கந்தானே!"

சின்னக் குட்டி ஓர் இலையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. சடையாண்டி நகத்தை நீட்டினான். மடக்கினான். மறுபடி நீட்டினான். அந்த நேரம் பார்த்து வானத்தில் இடி இடித்தது.

"ஷ்!" என்றான் சடையாண்டி, வானத்தைப் பார்த்து. "குட்டி தூங்குதில்லே?"

அதோடு கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஆவணி முதல் நாள் பெரியகருப்பனும் தேனம்மையும் வந்தார்கள். பெரியகருப்பன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மலை உச்சியிலே வீட்டைக் கட்டி, அதுக்கு ஏழு படி எதுக்கு மாப்பிள்ளை?"

"அது... கூடுதல் சொகுசுங்க!"

"வாசல்லே என்ன இலை?"

"தோரணங்க! நீங்க வர்றீங்கன்னு கட்டினேன்."

"கட்டின நாரைக் காணோமே?" என்று தூணை ஓங்கித் தட்டினார் பெரியகருப்பன். கொத்துக்குள்ளிருந்து சின்ன அணில்குட்டி வழுக்கி அவர் மூக்கின் மேல் வந்து விழுந்தது!

பெரியகருப்பனின் முகம் மாறியது. "இது பச்சை மரம். இதுலே வேர் ஓடுது. உண்மையைச் சொல்லு, தம்பி."

தம்பி! அந்தச் சொல்லைக் கேட்டதும் சடையாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பொய்தாங்க. அன்னிக்கு எனக்கு வீடே கிடையாது. பொண்ணைப் பார்த்ததும் வாய் உளறிடுச்சு. அவசரத்திலே கட்டினேன். ஆசாரியார் சொன்னதைக் கேட்கலை."

"வீட்டைப் பார்த்தாச்சு" என்றார் பெரியகருப்பன். "இனி அக்கம்பக்கத்திலே ஆளைப் பத்தி விசாரிக்கணும். ஏம்மா அணிலு, உனக்கு இந்தத் தம்பியைத் தெரியுமா?"

சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான். முடிந்தது கதை!

"தெரியாம என்ன!" என்றாள் செவத்தாயி, வாலை உதறிக்கொண்டு. "பெருமைக்காரன். அவசரக்காரன். யார் சொன்னாலும் கேட்கமாட்டான். என் குட்டிகளுக்குக் கண்ணு திறக்கும் முன்னாலே என் வீட்டை வெட்டிச் சாய்ச்சவன்!"

பெரியகருப்பன் திரும்பிப் போகக் காலை எடுத்தார்.

"இருங்க பெரியவரே, நான் இன்னும் முடிக்கலை. நீங்க வர்றதுக்காக ஊண் உறக்கம் இல்லாம வீட்டுலே ஓர் இலை விடாம பறிச்சான். இந்த ஒரு கொத்து இருந்தா தன் பொய் வெளிப்பட்டுடும்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் பறிக்கலை. ஏன்னா, இதுலே என் குட்டி தூங்கிட்டு இருந்துச்சு."

தேனம்மை ஏழு படியும் ஏறிப் போய் அந்தக் கொத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. இலையை மட்டும் இனிமே பறிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

பெரியகருப்பன் தாடையைச் சொறிந்தபடி, பக்கத்து மரத்திலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மரங்கொத்தியை நிமிர்ந்து பார்த்தார். "ஆசாரியாரே, ஆள் எப்படி? தேறுவானா?"

மரங்கொத்தி பறந்து வந்து சடையாண்டியின் தலையில் உட்கார்ந்தார். டொக், டொக், டொக்! காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குங்க. ஒரு வெயில் காலம் காயப்போடுங்க. அப்புறம் நல்லா உழைக்கும்!"

"அப்போ கல்யாணத்தை அடுத்த வைகாசிக்கு வெச்சுக்குவோம்" என்றார் பெரியகருப்பன். "என்ன சொல்றே, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை வேகவேகமாகத் தலையை ஆட்டினான். தலையில் இருந்த ஆசாரியும் சேர்ந்து ஆடினார்.

அடுத்த வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. வீடு அதற்குள் தோப்பாகிவிட்டது. உத்திரத்தில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன; பந்திக்குத் தேன் வெளியிலிருந்து வரவில்லை. மாடி முழுவதும் செவத்தாயி குடும்பம். பால்கனிக்கு முன்னால் ஒரே இலைமயம். ஆனால் இலைகளுக்கு நடுவே பலாப்பழம் அளவுக்கு ஒரு சந்து உண்டு. அணில்குட்டிகள் அந்த இடத்துத் துளிரை மட்டும் தினமும் கொறித்து வைத்தன. அதன் வழியே சடையாண்டியும் தேனம்மையும் தலையோடு தலை முட்ட அருவியைப் பார்த்தார்கள்.

வீடு கட்டப்போகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டின் உறுதியில் பாதிதான் மரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி அக்கம்பக்கத்தார் மனதில் இருக்கிறது.