பின்கட்டுச் சுவர்

பத்து நாள் கழித்துத் திருமேனிநாதன் மடத்துக்கு வந்தார். அறுபத்து மூன்று வயது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் காலை ஐந்தரை மணிப் பாடத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர். இன்று சவரம் செய்யாத முகத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பாடம் சொல்கிற சிவகாமி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஊரில் எல்லோரும் அம்மை என்றே கூப்பிடுவார்கள். அம்மை கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ளே வாங்க ஐயா."

"உள்ளே வர எனக்குத் தகுதி இல்ல, அம்மை."

"தகுதி பாத்து யாரையும் இங்க விட்டதில்ல. வாங்க."

அவர் அசையவில்லை. அம்மை முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

நடந்தது ஊருக்கே தெரியும். ஐப்பசி மழையின் நான்காம் நாள் காலையில் திருமேனிநாதன் வீட்டுப் பின்கட்டுச் சுவர் விழுந்தது. பின்கட்டில் இஸ்திரி போடுகிற சங்கிலியும் அவன் மனைவி ஆவுடையும் குடியிருந்தார்கள். சங்கிலி தேய்த்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தான். ஆவுடை இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்தாள். செங்கல்லை அள்ளி அவளை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்தபோது உயிர் இல்லை. அந்த நேரம் திருமேனிநாதன் மடத்தில் முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முன்கட்டைப் பூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவர்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க."

"அது அவ விதியா?"



"சுவர்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அம்மை.

"அரசு. அரசஞ்செடி."

"எவ்வளவு உயரம்?"

"என் உயரம் இருக்கும்."

"முதல்ல பாத்தப்ப?"

திருமேனிநாதன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு இலை."

"எப்ப?"

"மூணு வருஷம் ஆச்சு. மாடியில வேட்டி காயப் போடப் போனேன். மழைத் தண்ணி இறங்குற குழாய் வாயில முளைச்சிருந்தது. பிடுங்கணும்னு நெனச்சேன். கையில ஈர வேட்டி. அதைக் கொடியில போட்டுட்டு அப்படியே இறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"மறுவருஷம் கத்தியை எடுத்துட்டுப் போய் வெட்டினேன். மேலதான் வெட்ட முடிஞ்சது. வேரு சுவருக்குள்ள போயிருந்தது. வெட்டின இடத்துலேர்ந்து ரெண்டு கிளை வந்துச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவரைக் கொஞ்சம் உடைச்சாத்தான் வேரை எடுக்க முடியும், ஒரு நாள் வேலைன்னான். மார்கழி வருது, பாடம் இருக்கு, தை பிறக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"தை பிறந்துச்சா?"

"ரெண்டு தை போயிருச்சு, அம்மை."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. 

"சங்கிலி உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான். மூணு தடவை சொன்னான். முதல்ல மாடியில தண்ணி தேங்குதுன்னு சொன்னான். அப்புறம் உலை வச்சிருக்கையில காரை பேந்து பானையில விழுதுன்னான். கடைசியா இந்தப் புரட்டாசியில வந்து, வெடிப்புல விரலை விட்டா உள்ள போகுதுய்யான்னான்."

"அப்ப என்ன சொன்னீங்க?"

திருமேனிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க ஐயா."

"கட்டினது எல்லாம் ஒரு நாள் விழத்தான் செய்யும் சங்கிலி, நாம தேட வேண்டிய வீடு இது இல்லன்னு சொன்னேன்."

அம்மையின் முகம் மாறியது.

"அது நான் சொன்னது."

"ஆமா. அன்னிக்குக் காலையிலதான் பாடத்துல சொன்னீங்க."

"அதைக் கேட்டுட்டு சங்கிலி என்ன சொன்னான்?"

"கும்பிட்டுட்டுப் போனான்."

 அம்மை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"வாங்க போகலாம்."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு."

"என்னால முடியாது, அம்மை. அந்தத் தெருப் பக்கமே கால் போகல."

"எனக்கும்தான் போகல. வாங்க."

 கடைத்தெருவில் இரண்டு பேர் அம்மையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். திருமேனிநாதனைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

"இந்த நாலு வருஷத்துல உங்க வீட்டுக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்ல" என்றார் அம்மை.

"நீங்க யார் வீட்டுக்கும் போறதில்லையே."

"ஆமா. போனதில்ல."

திருமேனிநாதன் பூட்டைத் திறந்தார். முன்கட்டு விட்டுப்போன மாதிரியே இருந்தது. மேஜையில் மூக்குக் கண்ணாடி, பாட நோட்டு. உள்நடையைத் தாண்டினால் வழக்கமாக இருட்டாக இருக்கும். இன்று வெளிச்சமாக இருந்தது. பின்கட்டில் வானம் தெரிந்தது.

செங்கல்லும் ஈரக் காரையும் இடுப்பளவு குவிந்து கிடந்தன. அரசமரம் சரிந்து, தன் வேர்க்கூட்டத்துக்குள் ஏழெட்டுச் செங்கல்லைப் பிடித்தபடியே கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. குவியலுக்கு நடுவே சங்கிலி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். நசுங்கிய தூக்குவாளி. ஒரு சீப்பு. யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டை, பாதி தேய்த்தது.

ஆள் வந்த சத்தம் கேட்டு எழுந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"வாங்கய்யா. அம்மை, வாங்க. உக்காரச் சொல்ல இடம் இல்ல."

திருமேனிநாதன் நடையோரத்திலேயே நின்றுவிட்டார்.  சங்கிலி அவருடைய சவரம் செய்யாத முகத்தைப் பார்த்தான்.

"நீங்க இப்படி இருக்காதீங்கய்யா. சோறே திங்கலைன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. வந்து பாத்த ஆபீசர் என்ன எழுதிட்டுப் போனாரு? மழையில விழுந்ததுன்னுதானே எழுதினாரு. அவ விதி அவ்வளவுதான். மழை யார் கையில இருக்கு?"

பத்து நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திருமேனிநாதன் காத்திருந்தார். இப்போது அதைக் கேட்டுவிட்டார். தலையை ஆட்டினால் போதும். சங்கிலிக்கும் அதுவே போதுமாயிருந்தது.

 அம்மை விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை இல்ல, சங்கிலி" என்றார் திருமேனிநாதன்.

"என்னய்யா?"

"மழை இல்ல. அது ரெண்டு இலையா இருக்கையிலேயே நான் பாத்தேன். ரெண்டு விரலால பிடுங்கியிருக்கலாம். அப்புறம் கொத்தனார் வந்து ஒரு நாள் வேலைன்னான். நீ மூணு தடவை சொன்னே. நான் செய்யல."

சங்கிலி துண்டைக் கையில் சுருட்டினான். விரித்தான். மறுபடி சுருட்டினான்.

"நான் சொன்னது உங்களுக்கு விளங்கலையோன்னுல்லா நெனச்சேன்" என்றான். "எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலையோன்னு. பத்து நாளா அதையேதான் நெனச்சிட்டுக் கிடந்தேன். இன்னும் நல்லாச் சொல்லியிருக்கணுமோன்னு."

"நல்லாத்தான் சொன்னே. விளங்குச்சு."

"அப்ப அவ இருந்திருப்பா."

சங்கிலி அவருக்குக் கிட்டே வந்தான்.

"அய்யா. அவ இருந்திருப்பால்லா?"

"இருந்திருப்பா."

சங்கிலி குனிந்து அரைச் செங்கல் ஒன்றை எடுத்தான். அம்மை ஒரு எட்டு முன்னால் வைத்தார். திருமேனிநாதன் நகரவில்லை. கையையும் தூக்கவில்லை. சங்கிலி செங்கல்லை ஓங்கி, மரத்தின் மேல் எறிந்தான். இன்னொன்றை எடுத்து எறிந்தான். மூன்றாவதைத் தூக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெரிய சத்தமாக அழுகை வந்தது.

"போங்க" என்றான், நிமிராமல். "ரெண்டு பேரும் போங்க."

அம்மை அவனைக் கும்பிட்டார். அவன் பார்க்கவில்லை.

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. திருமேனிநாதன் தெருவில் இறங்கிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். எதிர்வீட்டில் ஒருவர் ஜன்னலைச் சாத்தினார்.

"அவன்கிட்ட இருந்த ஆறுதலையும் பறிச்சுட்டேன், அம்மை."

"ஆமா."

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் சொன்ன வார்த்தையெல்லாம் போதும் ஐயா."

அவர் அழுதார். முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இனி நான் என்ன செய்யணும்? நீங்க சொல்றதைச் செய்றேன். காசிக்குப் போய் அங்கேயே இருந்துரட்டுமா? சோத்தை விட்டுரட்டுமா? இந்த வீட்டை மடத்துக்கு எழுதி வச்சுரட்டுமா? எதைச் செஞ்சா இது தீரும்?"

அம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து முன்கட்டு ஜன்னலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மழைக்கு மறைப்பாக நீட்டியிருந்த சிமெண்டுப் பலகையின் அடிப்பக்கம் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. ஓரத்தில் ஒரு துண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தூறலுக்கு ஒதுங்கி, ஒரு பெண் சாக்கை விரித்து உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மை, நான் கேக்குறது காதுல விழுதா?"

"விழுது. தீருமா தீராதான்னு எனக்குத் தெரியாது ஐயா. அந்தப் பூக்காரம்மாவை எழுந்து தள்ளி உக்காரச் சொல்லுங்க."