முன்பின் பார்க்காத முகம்

ஆமாம்பட்டிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்கள். கூடக் குறைய ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

அந்த ஊரில் ஆடு வளர்க்கிற அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவர் சுடலைக்கண்ணு, அடுத்தவர் மாசானம், மூன்றாமவர் இருளப்பன். கடைக்குட்டி பேச்சிமுத்து மட்டும் மஸ்கட்டில் வேலை பார்த்தான். அவன் விமானம் ஏறின பிறகுதான் அவன் பெண்டாட்டி வேலம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"தொட்டில் போடுற அன்னைக்காவது அவுக பிள்ளை முகத்தைப் பாத்திரணும்" என்று வேலம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டில் இருந்ததோ பட்டன் போன். அதில் குரல்தான் வரும், முகம் வராது. அதனால் அண்ணன்மார் டவுனுக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார்கள். அதன் தலையில் சின்னதாகக் கேமரா இருந்தது.

கடைக்காரர் நல்ல மனுசர். வீடியோ பேசுகிற சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, புத்தியும் சொன்னார்.

"இது பழைய மெஷின். புதுசு எதையும் போடுறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒத்துப்போகுமான்னு பாத்துக்கங்க. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது. அப்டேட் ஓடி முடியிற வரைக்கும் எதையும் அணைக்கக் கூடாது. முன்பின் பார்க்காத முகம் வந்தா யோசிக்காம கட் பண்ணிருங்க. ஏமாத்துறவன் ஜாஸ்தி. தம்பிக்கும் சொல்லிருங்க."

"சரி" என்றார் சுடலைக்கண்ணு. சாயங்காலமே மஸ்கட்டுக்குப் போன் போட்டு, கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தம்பிக்கும் சொல்லிவிட்டார்.

ஒத்துப்போகுமா என்று பார்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. சந்தையில் புது ஆடு வாங்கினால், பழைய ஆட்டுப் பக்கத்தில் கட்டிப்போட்டு ஒரு பகல் முழுக்கப் பார்ப்பார்கள். முட்டிக்கொள்ளாவிட்டால் பட்டியில் சேர்ப்பார்கள். அதே மாதிரி கம்ப்யூட்டருக்கு ஒரு கயிறு, பென் டிரைவுக்கு ஒரு நூல் கட்டி, நடுவில் வேப்பங்குழை போட்டு மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"முட்டுச்சாலே?"

"முட்டலண்ணே. ஒரு இலையக்கூடத் திங்கல. ஒண்ணை ஒண்ணு பாத்துக் கூச்சப்படுது."

"சாதுவானதுக. போட்டுரலாம்."

மறுநாள் கடைக்காரரே வந்து சாஃப்ட்வேரை ஏற்றினார். கயிற்றைப் பார்த்தார். அதை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். "பாஸ்வேர்டை நீங்களே போட்டுக்கங்க, நான் பாக்கக் கூடாது" என்று போய்விட்டார்.

மாசானம் கை வைக்கப் போனார். சுடலைக்கண்ணு தடுத்தார்.

"ஏலே, யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரே. நீயும் ஒரு ஆளுதானே?"

"ஆமாண்ணே. அப்ப கண்ணை மூடிக்கிட்டு அடிக்கேன்."

அடித்தார். கம்ப்யூட்டர் அதையே இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. மறுபடி கண்ணை மூடி அடித்தார். ரெண்டும் வேறு வேறு என்று திட்டியது. பொழுது சாயும்வரை இதேதான். கடைசியில் இருளப்பன்தான் ஒரு வழி சொன்னார். ஆளுக்குக் கொஞ்சமாக அடிப்பது, ஒருவர் அடிக்கையில் மற்றவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வது. அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்க மூன்று பேரும் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. ஆடுகள் தன்னாலேயே மேய்ந்து தன்னாலேயே வந்தன.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அப்டேட் ஓடுகிறது. அடுப்பில் பாயசம் கொதிக்கிறது. வேலம்மாள் அடுப்பை அணைக்கப் போனாள்.

"ஏ தாயி, தொடாதே! எதையும் அணைக்கக் கூடாது!" என்று இருளப்பன் குறுக்கே விழுந்தார்.

"பாயசம் தீயுதே அத்தான்!"

"பாயசம் போனா வேற வெச்சுக்கலாம். அப்டேட் போனா நம்மால வைக்க முடியுமா?"

வந்த சனங்கள் கன்னங்கரேலென்று இருந்ததைக் குடித்துவிட்டு, இது என்ன கசாயம் என்று கேட்டார்கள். பிள்ளை பெத்த வீடு, அப்படித்தான் இருக்கும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு வழியாக மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. வேலம்மாள் பிள்ளைக்கு மை இட்டு, இருக்கிற நாலு முடியைத் தடவிவிட்டு, கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். திரையில் பேச்சிமுத்து முகம் வந்தது. அங்கே பிள்ளை முகம் போனது.

பேச்சிமுத்து பார்த்தான். முன்பின் பார்க்காத முகம். படக்கென்று கட் பண்ணினான்.

அதே நொடியில் இங்கே சுடலைக்கண்ணுவும் கட் பண்ணியிருந்தார். பிள்ளையும் அந்த மீசைக்காரனை முன்பின் பார்த்ததில்லையே!

உடனே பட்டன் போன் அடித்தது.

"அண்ணே, யாரோ மொட்டைத்தலையா ஒரு ஆளு வந்துச்சு. நான் ஏமாறல."

"கெட்டிக்காரன்டா நீ! நாங்களும் ஏமாறல."

வேலம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பெத்த அப்பன் முகத்தைப் பாக்காமலே எம்பிள்ளை வளரணுமா?" என்று தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன்மாருக்கு மனசு கேட்கவில்லை. மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார்கள்.

"ஒரு தடவை நேர்ல பாத்துட்டா, அப்புறம் அது பாத்த முகம்தானே?" என்றார் மாசானம்.

அடேயப்பா என்று மற்ற இருவரும் அவரையே பார்த்தார்கள்.

பேச்சிமுத்து அலைந்து திரிந்து லீவு வாங்கி, விமானம் ஏறி, பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தான். வேலம்மாள் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதன் முகத்தைப் பார்த்தான். அது அவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

"நல்லாப் பாத்துக்கிட்டியா?" என்றார் சுடலைக்கண்ணு.

"பாத்துக்கிட்டேண்ணே."

"பிள்ளையும் உன்னைப் பாத்துக்கிட்டாளா?"

"பாத்துக்கிட்டா."

"அப்ப பிள்ளையை இங்க கொடு. போய் போன் போடு."

பேச்சிமுத்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப் பட்டிக்குப் போனான். இங்கே மூன்று பேரும் முறைப்படி துண்டால் முகம் மூடிக் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அழைப்பு வந்தது. திரையில் பேச்சிமுத்து, அவன் தோளுக்கு மேலே ஒரு வெள்ளாடு. யாரும் கட் பண்ணவில்லை.

"வேலு, பிள்ளை அப்படியே உன்னை மாதிரியே இருக்காளே!" என்று அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

வேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாச்சும் பாத்தீகளே, அது போதும். சரி, எப்ப ஊருக்கு வருவீக?"

"லீவு கிடைக்கணும்லா" என்றான் பேச்சிமுத்து, பட்டிக்குள்ளிருந்து.